வீட்டு முற்றத்தில் பொருத்தப்படும் வேகம்

வாகனங்களில் சட்டவிரோதமாகப் பொருத்தப்பட்டுள்ள மேலதிக உதிரிகளை அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் ஆரம்பித்தபோது எழுந்த சலசலப்பை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ‘கிளீன் ஸ்ரீலங்கா’ வேலைத்திட்டத்தின் ஓர் அங்கமாக முன்னெடுக்கப்பட்ட அந்நடவடிக்கையில் முச்சக்கர வண்டிகளின் அலங்கார விளக்குகளும், பேருந்துகளின் கூடுதல் ஒலிப்பான்களும் இலக்காயின. முச்சக்கர வண்டிச் சாரதிகளும் தனியார் பேருந்து உரிமையாளர்களும் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பணிப்பகிஷ்கரிப்பு அச்சுறுத்தல்கள் எழுந்தன. இறுதியில் மூன்று மாத கால அவகாசம் வழங்கப்பட்டு விவகாரம் தற்காலிகமாகத் தணிந்தது.

அந்த வாதப்பிரதிவாதங்களில் இரு தரப்பினருமே கவனிக்கத் தவறிய விடயம் ஒன்றுண்டு. கண்ணுக்குத் தெரிகின்ற மாற்றங்களே பிடிபடுகின்றன. என்ஜின் மூடிக்குக் கீழே செய்யப்படுகின்ற, அவற்றைவிடப் பன்மடங்கு ஆபத்தான மாற்றங்களை எவரும் பார்ப்பதில்லை. ஒரு முச்சக்கர வண்டியின் பக்கவாட்டில் ஒளிரும் நீல விளக்கு எவரையும் கொன்றுவிடப் போவதில்லை. ஆனால் வீட்டு முற்றத்தில், ஒரு ஜாக்கியையும் சில சாவிகளையும் வைத்துக்கொண்டு சாதாரண கார் ஒன்றுக்கு டேர்போ பொருத்தும் இளைஞனின் முயற்சி அவ்வாறானதல்ல.

டேர்போ புதிய கண்டுபிடிப்பு அன்று. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளரான அல்பிரெட் பூக்கி 1905ஆம் ஆண்டிலேயே இதற்கான காப்புரிமையைப் பெற்றுவிட்டார். புகைக்குழாய் வழியே வீணாக வெளியேறும் வெப்பக் காற்றைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுவதும், அதே அச்சில் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தினால் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளுவதுமே இதன் தத்துவம். அதிக காற்று, அதற்கேற்ற அதிக எரிபொருள், அதனால் அதிக வலு. சாதாரணமாக உறிஞ்சிக் காற்றெடுக்கும் என்ஜினுக்கு, ஊதிக் கொடுக்கும் துருத்தி ஒன்று கிடைத்துவிட்டது எனலாம். அச்சக்கரம் நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைகளுக்கு மேல் சுழலக்கூடியது. 1962இல் அமெரிக்காவில் இரு பயணிகள் கார்களில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வெளிவந்த இச்சாதனம் இன்று சிறு கார்கள் முதல் பாரவூர்திகள் வரை பரவிவிட்டது.

இலங்கையில் டேர்போ மீதான மோகத்துக்கு இளைஞர்களை மாத்திரம் குறைகூறுவது நியாயமாகாது. அரசின் வரிக்கொள்கைக்கும் இதில் பங்குண்டு. என்ஜினின் கொள்ளளவை, அதாவது கன சென்ரிமீற்றரை, அடிப்படையாகக் கொண்டே நமது நாட்டில் இறக்குமதி வாகனங்களுக்கு உற்பத்தி வரி விதிக்கப்படுகிறது. 1000 கன சென்ரிமீற்றருக்கு உட்பட்ட வாகனங்களுக்கு வரி குறைவு என்பதனால், சிறிய என்ஜினில் டேர்போ மூலம் பெரிய வலுவைப் பெறும் கார்கள் 2017, 2018ஆம் ஆண்டுகளில் பெருமளவில் வந்திறங்கின. ஹொண்டா சிவிக் ஒரு லீற்றர் டேர்போ அவற்றுள் பிரபலமானது. கொள்ளளவை அளக்கும் அரசு வலுவை அளக்கவில்லை. (மின்சார வாகனங்களுக்கு மோட்டாரின் வலுவை அளக்கத் தொடங்கியபோதும் சிக்கல் தீரவில்லை. 2025இல் சீனத் தயாரிப்பு மின்சாரக் கார்கள் பலவற்றை, அறிவிக்கப்பட்ட வலு உண்மையானதா என்ற சந்தேகத்தின் பேரில் சுங்கத் திணைக்களம் தடுத்து வைத்ததும், விவகாரம் நீதிமன்றம் வரை சென்றதும் அறிந்ததே.)

இதன்பின் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரி முதலாம் திகதியே நீங்கியது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய கார்களின் விலை, அவற்றை வாங்கியவரே நம்பமுடியாத அளவுக்கு ஏறியது. புதிய வாகனம் கிட்டாதபோது, உள்ளதைப் புதிதாக்க முனைவது மனித இயல்பு. இணையத்தில் ‘முழுமையான தொகுதி’ எனும் பெயரில் விற்கப்படும் மலிவான டேர்போ தொகுதிகளும், அவற்றைப் பொருத்துவதைப் பத்து நிமிடங்களில் காட்டிவிடும் காணொளிகளும் அந்த ஆசைக்கு நெய் வார்த்தன. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானியக் கார்களிலிருந்து கழற்றிய பழைய டேர்போக்களைத் தேடிப்பெறுவதும் கடினமன்று.

பத்து நிமிடக் காணொளி காட்டாதவை எவை என்பதைச் சற்று விரிவாக நோக்குவது பொருத்தமாகும்.

நமது வீதிகளில் மிகப் பரவலாகக் காணப்படும் 1500 கன சென்ரிமீற்றர் டொயோட்டா கார்கள் பலவற்றில் உள்ள என்ஜின், பத்தரைக்கு ஒன்று என்ற அமுக்க விகிதத்தைக் கொண்டது. உறிஞ்சிய காற்றைப் பத்தரை மடங்கு சுருக்கி அதன்பின்னரே அது பற்றவைக்கிறது. சென்ற நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானிய நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே டேர்போ பொருத்திய பெற்றோல் என்ஜின்களில் இவ்விகிதத்தை எட்டு, எட்டரை என்ற அளவுக்குக் குறைத்து வைத்தன. டேர்போவே காற்றை ஒருமுறை அமுக்கி அனுப்பிவிடுவதனால், என்ஜின் மறுபடி அதிகமாக அமுக்கினால் தீப்பொறியின் சுவாலை சென்றடையுமுன்னரே எஞ்சிய கலவை தானாக வெடித்துவிடும். திருத்துநர்கள் ‘நொக்கிங்’ என்று கூறுவது இதனையே. பிஸ்டனின் தலையில் சுத்தியலால் அடிப்பதற்கு ஒப்பான இந்த வெடிப்பு சில நிமிடங்களில் பிஸ்டனைத் துளைத்துவிடவும் வல்லது.

வெப்பத்தையும் கணக்கிற் கொள்ளவேண்டும். கொழும்பில் ஒரு சாதாரண நண்பகலில் 32 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள காற்றை, வளிமண்டல அழுத்தத்தின் அரைப் பங்கு மேலதிகமாக அமுக்கினால், மலிவான டேர்போ ஒன்றின் வாயிலிலிருந்து வெளிவரும்போது அதன் வெப்பநிலை 90 பாகையை நெருங்கும். சூடான காற்று நொக்கிங்கை மேலும் தூண்டும். ஆகவே காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வேண்டும். கூடுதல் எரிபொருளுக்குப் பெரிய இன்ஜெக்டர்கள் வேண்டும். அவற்றுக்கு ஈடுகொடுக்கும் பெற்றோல் பம்பி வேண்டும். இவையனைத்தையும் கட்டுப்படுத்தும் மின்னணுக் கட்டுப்பாட்டகத்தை மீள எழுதவேண்டும். இந்தக் கடைசி வேலையே அதிக செலவானது. எனவே பெரும்பாலும் கைவிடப்படுவதும் அதுவே. தான் உறிஞ்சுவதைவிட அதிக காற்று வருகின்றது என்பதை அறியாத கட்டுப்பாட்டகம், பழைய அளவிலேயே எரிபொருளை வழங்கிக்கொண்டிருக்கும். பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு என்பது சாதாரண ஓட்டத்துக்கான நிறைக் கணக்கு. டேர்போவின் அழுத்தத்தில் ஓடும்போது எரிபொருள் இதைவிடக் கூடுதலாகவே இருக்கவேண்டும். அங்கே குறைவு ஏற்பட்டால் என்ஜின் உருகத் தொடங்கும். எமது எரிபொருள் நிலையங்களில் கிடைக்கும் 92 ஒக்டேன் பெற்றோல் இத்தகைய பரிசோதனைகளுக்கு இடங்கொடாது. 95உம் எல்லாத் தவறுகளையும் மன்னிக்காது.

அடுத்தது எண்ணெய். அந்த அதிவேகச் சக்கரத்தின் அச்சு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மீதே மிதக்கிறது. எண்ணெயைக் கொண்டுவரும் சிறு குழாய் புகைக்குழாய்க்கு மிக அருகால் செல்கிறது. டேர்போவின் உடலோ வேகமாக ஓடியபின் செந்தணலாகச் சிவக்கக்கூடியது. தரமற்ற இறப்பர்க் குழாய் ஒன்று அங்கே வெடித்தால் என்ன நிகழும் என்பதைக் கற்பனை செய்யத் தேவையில்லை. திரும்பும் எண்ணெய்க்கு, என்ஜினின் அடித்தட்டில் துளையிட்டு வழியமைக்க வேண்டும். தட்டைக் கழற்றாமலே துளையிட்டு, இரும்புத் துகள்களை எண்ணெய்க்குள் விழவிடுவோரும் உளர்.

இத்தனையையும் ஒழுங்காகச் செய்து முடித்தாலும் ஓர் அடிப்படைக் கேள்வி மிஞ்சுகிறது. வலு கூடிவிட்டது, பிரேக் கூடியதா? மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனத்தை நிறுத்துவதற்கு வேண்டியதைப் போல இரு மடங்கு சக்தியை, 100 கிலோமீற்றர் வேகத்தில் பிரேக் விழுங்கவேண்டும். வேகத்தின் வர்க்கத்தோடு வளரும் இந்தக் கணக்கைச் சாதாரண தரத்தில் கற்ற மாணவனும் அறிவான். கொழும்பு–புத்தளம் வீதியிலோ ஏ-9 வீதியிலோ குறுக்கே வரும் மாடும், சைக்கிளில் பாடசாலை செல்லும் பிள்ளையும் இந்தக் கணக்கை அறியமாட்டா. ஆண்டொன்றுக்கு 2000க்கும் அதிகமானோரை வீதிகளில் பறிகொடுக்கும் நாடு நமது நாடு. அவர்களுள் பாதசாரிகளும் மோட்டார் சைக்கிளில் சென்றோருமே கணிசமானோர்.

வாகனத்தைத் தன் கையால் மாற்றியமைப்பதை எள்ளி நகையாடும் உரிமை, குறிப்பாக வடபுலத்தவருக்கு, இல்லை என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் பெற்றோல் தங்கமாகிவிட்ட யாழ்ப்பாணத்தில், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மருந்துப் போத்தல் ஒன்றிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு என்ஜினை உயிர்ப்பித்து, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மோட்டார் சைக்கிள்களும் அவ்வாறே ஓடின. வீதியெங்கும் அந்தப் புகையும் மணமும். நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதும் மணமக்களை ஏற்றிச் சென்றதும் அக்கார்களே. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பழைய இரும்பு, வன்பொருள் வியாபாரத்தில் பெயர்பெற்றோர் பலர் இருந்தனர் என்பதனால், உதிரிப்பாகம் தேடுவதும் பின்னர் பெரும்பாடாகியது. இருப்பதைக் கொண்டு சமாளித்தார்கள்.

அந்த வித்தை பலித்தமைக்கு ஒரு காரணம் இருந்தது. ஒக்டேன் மிகக் குறைந்த மண்ணெண்ணெய், உயர்ந்த அமுக்க விகிதமுள்ள என்ஜினில் நொக்கிங் இன்றி எரியாது. அந்தப் பழைய ஆங்கிலேயக் கார்களின் அமுக்க விகிதமோ ஏழு, எட்டு என்ற அளவில் தாழ்ந்திருந்தது. அதே காலத்து நவீன ஜப்பானியக் கார்கள் வீடுகளில் மூடிக்கிடக்க, கொட்டகைகளில் ஒதுக்கப்பட்டிருந்த கிழட்டுக் கார்கள் வீதிக்கு வந்தன. எந்த என்ஜின் எதனைத் தாங்கும் என்பதை நமது திருத்துநர்கள் பாடப்புத்தகமின்றியே அறிந்திருந்தார்கள். மேலும், அவர்கள் வேகத்தைத் தேடவில்லை. வலு குறைந்த, மெதுவான கார்களையே அவர்கள் உருவாக்கினார்கள். இன்றைய முற்றத்து டேர்போ இதன் நேரெதிர். அன்று தேவை மனிதனை மெக்கானிக் ஆக்கியது. இன்று காணொளி ஆக்குகிறது. ஊரில் உள்ள முதிய திருத்துநர் ஒருவரிடம் கேட்டால், ‘தம்பி, காரை வித்துப்போட்டு வேற கார் வாங்கு’ என்றுதான் பதில் வரும். அதைக் கேட்கும் பொறுமை இல்லை.

சட்டம் என்ன கூறுகிறது? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் வாகனம் ஒன்றின் பதிவு விபரங்களில் ஏற்படும் மாற்றங்களை அறிவிக்கும் கடப்பாட்டை உரிமையாளர்மீது சுமத்துகிறது. நிறத்தை மாற்றினாலும் என்ஜினை மாற்றினாலும் நாரஹேன்பிட்டியை நாடியே ஆகவேண்டும். ஆனால் டேர்போ பொருத்துவதால் என்ஜின் இலக்கம் மாறுவதில்லை. அடிச்சட்ட இலக்கம் மாறுவதில்லை. கொள்ளளவும் மாறுவதில்லை. பதிவுப் புத்தகத்தைப் பார்க்கும் பொலிஸ் உத்தியோகத்தருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும்.

ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு 2008 முதல் நடைமுறையில் உள்ள புகைப் பரிசோதனை இதனைக் கண்டுபிடிக்காதா என்று கேட்கலாம். பெற்றோல் கார்களை நிறுத்திவைத்து, சுமையின்றி என்ஜினை ஓடவிட்டே அங்கு புகையை அளக்கிறார்கள். டேர்போவோ சுமை ஏறும்போதே தன் முழு அழுத்தத்தைக் காட்டும். நின்ற இடத்தில் அது பெட்டிப் பாம்பு. பேருந்துகளும் பாரவூர்திகளும் தகுதிச் சான்றிதழுக்காகப் பரிசோதிக்கப்படுகின்றன. தனியார் கார்களுக்கு அந்தப் பரிசோதனையே இல்லை. ஆகவே பிரேக்கும் ஸ்டியரிங்கும் எந்த நிலையில் உள்ளன என்பதை அரசு ஒருபோதும் அறிவதில்லை. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லயிலும், செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியிலும் நிகழ்ந்த பேருந்து அனர்த்தங்களின் பின்னர் வாகனங்களின் இயந்திரத் தகுதி பற்றி நிறையவே பேசப்பட்டது. அவ்விபத்துக்களுக்கும் இங்கு பேசப்படும் விடயத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆயினும் அப்பேச்சு பேருந்துகளோடு நின்றுவிட்டமை ஏமாற்றமே.

காப்புறுதி விடயம் பலர் அறியாத பொறி. காப்புறுதி ஒப்பந்தம் என்பது முழுமையான நல்லெண்ணத்தின்மீது எழுப்பப்படுவது. ஆபத்தின் அளவை மாற்றும் விடயங்களை மறைத்தால், நட்டஈட்டை மறுக்க நிறுவனத்துக்கு வாய்ப்பு ஏற்படும். டேர்போ பொருத்திய கார் தீப்பற்றினால், அதன் இழப்பை முழுமையாகத் தானே சுமக்கும் நிலை உரிமையாளருக்கு வரலாம். வங்கி அல்லது லீசிங் நிறுவனத்தின் கடன் தவணையோ காருடன் எரிந்துபோவதில்லை.

அயல்நாடுகள் இதனை எவ்வாறு கையாளுகின்றன? இந்திய உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் வழங்கிய தீர்ப்பில், உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்க முடியாது என்று கண்டிப்பாகக் கூறியது. ஜேர்மனியின் வழி வேறு. அங்கு மாற்றம் செய்யலாம். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகர் ஒருவர் அதைப் பரீட்சித்து ஆவணத்தில் பதியவேண்டும். பதியாவிடின் வாகனத்தின் ஓட்ட அனுமதியே செல்லுபடியற்றதாகக்கூடும். அவுஸ்திரேலியாவிலும் இவ்வாறான மாற்றங்களுக்குப் பொறியியலாளரின் சான்றிதழ் தேவைப்படுகிறது. நமக்கு ஏற்றது இரண்டாவது வழியே என்பது எமது கருத்து. முற்றாகத் தடைசெய்தால் வேலை இரவில் நடக்கும், அவ்வளவுதான். இந்த நாட்டில் தடைகள் எவ்வாறு மீறப்படுகின்றன என்பதை நாம் எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை.

வேகத்தின்மீது இளைஞர்களுக்கு உள்ள நாட்டம் குற்றமன்று. அதற்கென இடங்கள் உண்டு. நுவரெலியா மஹகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி பல தசாப்தப் பழைமை வாய்ந்தது. ஆனால் ஒழுங்குபடுத்தப்பட்ட களத்திலேயே என்ன நிகழக்கூடும் என்பதை 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ்ஹில் ஓட்டப்போட்டி காட்டியது. பாதையை விட்டு விலகிய கார் பார்வையாளர்களுக்குள் பாய்ந்ததில் ஏழு பேர் மாண்டனர். காவலும் கொடியும் அம்புலன்சும் உள்ள இடத்திலேயே இந்நிலையென்றால், பிறை பார்த்த இரவில் கடைத்தெருவில் நிறையும் கூட்டத்துக்கும், தேர்த்திருவிழா முடிந்து வீதியோரம் நடந்துவரும் குடும்பங்களுக்கும் நடுவே ஓடும் கார் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் மாலை வேளைகளில் பிரதான வீதிகளில் இளைஞர்கள் நடத்தும் வேகப் பரீட்சைகளைப் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் அறியாதவையல்ல. பெற்றோரும் அறிவர். வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பும் பணத்தில் தொகுதி வந்திறங்கும்போது அது என்னவென்று கேட்பதற்கு அவர்கள் தயங்குகின்றனர்.

திறமைக்குப் பஞ்சமில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலும், மொரட்டுவையில் உள்ள அதன் மூத்த நிறுவனத்திலும் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. அங்கு பயின்று வெளிவரும் இளைஞர்களுக்கு, மாற்றியமைக்கப்பட்ட வாகனங்களைப் பரிசோதித்துச் சான்றளிக்கும் அதிகாரத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வழங்கலாம். புகைப் பரிசோதனை நிலையங்களில் என்ஜின் மூடியைத் திறந்து பார்த்து, டேர்போ உண்டா இல்லையா என்பதை அறிக்கையில் குறிப்பிடச் செய்வதற்குப் புதிய சட்டம் எதுவும் அவசியமில்லை. ஒரு சுற்றறிக்கை போதுமானது. தொழிற்சாலையில் பொருத்தப்பட்டதா, பின்னர் பொருத்தப்பட்டதா என்பதை மாதிரி இலக்கத்தைக் கொண்டே கண்டறியலாம். பின்னர் பொருத்தப்பட்டதாயின் பிரேக் பரிசோதனை, எண்ணெய்க் குழாய்ப் பரிசோதனை ஆகியவற்றுக்குட்படுத்திப் பதிவுப் புத்தகத்தில் குறிப்பிடலாம். முச்சக்கர வண்டியின் விளக்கைக் கழற்றுவதற்கு வீதியில் நின்ற ஆளணியை விடக் குறைந்த ஆளணி இதற்குப் போதும்.

அதுவரையில், ஏற்கெனவே பொருத்திவிட்டோர் செய்யக்கூடியவை சில உண்டு. திரும்பும் எண்ணெய்க் குழாய் வளைவின்றிக் கீழ்நோக்கிச் செல்கிறதா என்று பார்க்கட்டும். புகைக்குழாய்க்கு அருகேயுள்ள இறப்பர்க் குழாய்களை வெப்பம் தாங்கும் உறையிட்ட குழாய்களாக மாற்றட்டும். நீண்ட ஓட்டத்தின் பின் என்ஜினை உடனே நிறுத்தாது ஓரிரு நிமிடங்கள் ஓடவிடட்டும். கட்டுப்பாட்டகத்தை மீள எழுதாதோர் டேர்போவின் காற்று வழியைத் துண்டித்துவிட்டுப் பழைய குழாயை மீளப் பொருத்துவதற்கு அரை நாள் போதுமானது.